கடலோர ஊரில் பசங்களைத் திரும்பக் கால்பந்துக்குக் கூட்டி வருவது எப்படி

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சாயங்காலம் நாலரை ஆகிவிட்டால் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் ஓடும். ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்துக்குள் உருண்டு போய்ச் சண்டை வராத நாள் கிடையாது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் அதே திடலில் நின்று தலையை எண்ணினேன். ஆறு பேர். அதில் இரண்டு பேர் கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தின் நிழலில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் பள்ளி அணிக்குப் பதினோரு பேர் தேறவில்லை, கபடி ஆடும் பசங்களில் மூன்று பேரைக் கூட்டிப் போய் ஆள் கணக்கைச் சரிக்கட்டினார்கள்.

இப்போது சாதாரண நாளில் இருபது, இருபத்தைந்து பேர் வருகிறார்கள். பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து எல்லாம் போன் பண்ணி எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். பெரிய பணம் தேவையில்லை. ஒரு வருடம் தினமும் சாயங்காலம் அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டும், அது முடியுமா என்று மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனவனிடம் கேளுங்கள்

எல்லோரும் சொல்லும் காரணம் மொபைல். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை விட்டுவிட்ட பசங்களின் வீடு வீடாகப் போனேன். "ஏன் வரல?" என்று கேட்டால் "சும்மாதான்ண்ணே" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்போ வந்தே, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். அப்போது கதை வரும். பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். டியூஷன் ஐந்து மணிக்கு. திடலில் பாதியைக் கருவாடு காயப்போட எடுத்துக்கொண்டார்கள், மீதிப் பாதியில் சீமைக் கருவேல் வளர்ந்து காலெல்லாம் முள். அண்ணன்மார் வந்தால் சின்னப் பசங்களை வெளியே தள்ளிவிடுகிறார்கள். பந்து ஓட்டையாகி இரண்டு மாதம் யாரும் வாங்கவில்லை. மொபைல் இதற்கெல்லாம் பிறகு வந்தது. ஆட இடமும் ஆளும் இல்லாத சாயங்காலத்தில் பையன் போனை எடுத்தான், அவ்வளவுதான்.

அந்த நோட்டில் என்னை மிகவும் வருத்தியது நானே காரணமாக இருந்த ஒரு பதில். பதினைந்து வயதுப் பையன், பேக் (தடுப்பு) ஆடுவான், ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தவன். திருவிழா டோர்னமென்டுக்கு நாங்கள் ஜெயிக்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து நான்கு கெஸ்ட் பிளேயர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தோம். அவன் புது ஜெர்சி போட்டுக்கொண்டு மூன்று ஆட்டமும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. கடைசி ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியை மடித்து என் பைக் சீட்டில் வைத்துவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து வரவில்லை. அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, கோப்பை கையில் இருந்தது. இப்போது அவன் லாஞ்சில் (விசைப்படகில்) மீன்பிடிக்கப் போகிறான்.

ஆகவே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்: வந்த பையன் ஆட வேண்டும். தினமும் ஆட வேண்டும். நன்றாக ஆடுகிறானா என்பது அதற்கு அப்புறம் பார்க்க வேண்டிய விஷயம்.

நேரத்தைக் கடலைப் பார்த்து வையுங்கள்

ஒரே நேரம், தினமும். எங்களுக்கு ஐந்து மணி முதல் ஆறேகால். நான்கு பேர் வந்தாலும் ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கிவிடும், ஆள் சேரட்டும் என்று காத்திருப்பது கிடையாது. முதல் மூன்று வாரம் நானும் இன்னொரு அண்ணனும் ஆறேழு பசங்களும்தான். நான்காவது வாரத்தில் வேடிக்கை பார்த்த பசங்கள் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

வெளியூர்ப் பயிற்சியாளர்கள் வந்து போடும் அட்டவணை நம் கரைக்குப் பொருந்தாததற்குக் காரணம், இங்கே வாரம் என்பது கடலைப் பொறுத்தது. ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் அனுமதி டோக்கன் வாங்கிப் போகும்: திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை திரும்பும். பதினாறு, பதினேழு வயதில் படகுக்குப் போய்விட்ட பசங்களும் நம் பசங்கள்தான். அவர்கள் கரையில் இருக்கும் சாயங்காலம் செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு. பெரிய ஆட்டத்தை அந்த நாட்களில் வையுங்கள். படகு போகும் மூன்று நாளும் சின்னப் பசங்களுக்கு என்று ஒதுக்குங்கள், அண்ணன்மார் இல்லாததால் திடல் முழுக்க அவர்களுக்குக் கிடைக்கும். நாட்டுப்படகு ஊர் என்றால் கணக்கு வேறு, உங்கள் கரையில் கேட்டுப் போடுங்கள்.

மாதாக்கோயில் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள், அன்றைக்கு அப்பாமாரும் திடலுக்கு வருவார்கள். கீழக்கரை மாதிரி முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் ஊர் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கூட்டம் சேரும் நாள். நோன்பு மாதத்தில் சாயங்காலப் பயிற்சியை நிறுத்திவிட்டு, என்ன நேரம் என்று பசங்களிடமே கேளுங்கள்; இரவுத் தொழுகை முடிந்து விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் ஆடலாம் என்று அவர்களே சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் தண்ணீராக நிற்கும். அந்த மாதங்களில் பள்ளி வராந்தாவோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் மூன்றுக்கு மூன்று ஆட்டம் போதும். முழுக்க நிறுத்திவிட்டால் தையில் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள், எங்கள் முதல் வருடத்தில் அப்படித்தான் ஆனது.

திடல்

முள்ளை வெட்டினால் போதாது, சீமைக் கருவேல் திரும்பத் துளிர்க்கும். ஊராட்சித் தலைவரிடம் சொல்லி ஜே.சி.பி. ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வேரோடு எடுங்கள். அப்புறம் பசங்களை வரிசையாக நிறுத்தி, கைக்கு ஒரு சாக்குப் பை கொடுத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நடக்க விடுங்கள். முள், சிப்பி, உடைந்த பாட்டில், தூண்டில் முள், அறுந்த நரம்பு எல்லாம் பொறுக்க வேண்டும். எங்கள் முதல் நாளில் ஒன்பது சாக்கு நிறைந்தது. மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். கருவாடு காயவைக்கும் அக்காமாரிடம் சண்டை வேண்டாம், அவர்களுக்கும் அது பிழைப்பு. நாலரைக்குள் அவர்கள் அள்ளிக்கொள்வது, தெற்குப் பாதி எங்களுக்கு, வடக்குப் பாதி அவர்களுக்கு என்று பேசி முடித்தோம். வாய்ப்பேச்சுதான், இன்றுவரை நிற்கிறது.

முழு அளவுத் திடல் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கால்பந்து விதிப்படி பெரிய ஆட்டத்துக்குக் குறைந்தது 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், 7.32 மீட்டர் அகலக் கோல். பத்து வயதுப் பையனை அதில் இறக்கினால் பந்து அவன் காலுக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நான்குக்கு நான்கு ஆட 30 மீட்டருக்கு 20 மீட்டர் தாராளம். எல்லைக்கு மணல் நிரப்பிய பாட்டில்கள் அல்லது பழைய வலையிலிருந்து கழற்றிய மிதப்புகள்.

கோல் போஸ்டில் கவனம். கனமான சட்டத்தைக் கட்டி மணலில் சும்மா நிறுத்திவைத்தால், பசங்கள் மேல்கட்டையில் தொங்கும்போது அப்படியே சாயும். உலகில் பல இடங்களில் இதனால் குழந்தைகள் உயிர் போயிருக்கிறது. நாங்கள் பனங்கட்டை இரண்டை இரண்டரை அடி ஆழம் குழி தோண்டி இறக்கி, சுற்றிக் கல் போட்டு இடித்தோம். மேலே கட்டை கிடையாது, இறுக்கிக் கட்டிய கயிறு மட்டும். வலைக்குப் பழைய மடி வலைதான், எந்தக் கரையிலும் சும்மா கிடைக்கும். உள்ளங்கை அளவுக்கு மேல் கண் பெரிதாக இல்லாத துண்டாக எடுங்கள், தொய்வாகக் கட்டுங்கள். பந்து வலையில் மோதித் தொங்கிக் கீழே விழும் அந்தச் சத்தத்துக்காகவே பசங்கள் வருவார்கள், இதை நான் கண்ணால் பார்த்தேன். வலை கட்டிய வாரம் ஐந்து பேர் புதிதாக வந்தார்கள்.

ஆட்டம்

வந்தவர்களை நான்கு நான்காகப் பிரியுங்கள். வயதைவிட உயரத்தைப் பார்த்துப் பிரிப்பது நல்லது. கேப்டன் இரண்டு பேரை நிறுத்தி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். கடைசியாக மிச்சம் நிற்கும் பையன் ஒரு வாரத்தில் வருவதை விட்டுவிடுவான். சீட்டுக் குலுக்குங்கள், அல்லது வந்த வரிசைப்படி நீ சிவப்பு, நீ நீலம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு ஆட்டம் எட்டு நிமிடம். ஜெயித்த அணி நிற்பது, தோற்ற அணி வெளியே போவது என்ற முறையும் வேண்டாம், ஏனென்றால் அதிகம் ஆட வேண்டியவன்தான் அதிகம் வெளியே நிற்பான். எல்லா அணியும் எல்லா அணியோடும் சுற்றி ஆடட்டும்.

நான்குக்கு நான்கில் கோல்கீப்பர் கிடையாது, சின்ன கோல், இரண்டு அடி அகலம். ஆஃப்சைடு கிடையாது. ஃபவுல் வந்தால் பந்தை வைத்துத் தொடர வேண்டியதுதான். நான் ஆட்டத்துக்கு நடுவே கத்துவதை நிறுத்தியதும் பசங்கள் பேச ஆரம்பித்தார்கள்: "விடு, விடு, பின்னாடி", "தனியா இருக்கேன்டா". அந்தச் சத்தம் கேட்டால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூக்கி அடித்த பந்து பாம்பன் பாலத்துக்கே போய்விடும் போலிருக்கும். அதற்காகப் பயிற்சியை விடாதீர்கள். தரையோடு பாஸ் கொடுக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. காற்றை எதிர்த்து ஆடும் அணி உயரத் தூக்கவே முடியாது, தானாகவே காலடியில் வைத்து ஆடும். நான்கு நிமிடத்தில் பக்கம் மாற்றுங்கள். மணலில் ஓடினால் கெண்டைக்கால் சீக்கிரம் இறுகும். தண்ணீரோர ஈர மணலில் பத்து நிமிடம் நடந்து, மெதுவாக ஓடி, அப்புறம் ஆட்டத்துக்கு வாருங்கள்.

பூட்ஸ் வாங்கினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று எந்தக் காலத்திலும் சொல்லாதீர்கள். வெறுங்காலில் வந்தால் எல்லோரும் வெறுங்கால். பூட்ஸ் போட்டவனையும் போடாதவனையும் ஒரே ஆட்டத்தில் விடக்கூடாது, பாதம் மிதிபடும். எங்களிடம் ஒரு சாக்கில் பதினான்கு ஜோடிப் பழைய பூட்ஸ் இருக்கிறது, கால் வளர்ந்துவிட்ட பசங்கள் போட்டுவிட்டுப் போனவை. பள்ளி ஆட்டத்துக்குப் போகும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

பந்து

12 வயது வரை நான்காம் எண் பந்து, அதற்கு மேல் ஐந்தாம் எண். ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை இருக்கும், சின்னப் பையன் வெறுங்காலால் அடித்தால் விரல் வலிக்கும், வலித்தால் மறுநாள் வரமாட்டான். கல் மாதிரி காற்று அடிப்பதும் தப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஊசியை எச்சிலிலோ ஒரு சொட்டு எண்ணெயிலோ நனைத்துச் செருகுங்கள், வறண்ட ஊசிதான் வால்வைக் கிழிக்கிறது. உப்பு மணலில் ஆடிய பந்தை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள், வெயிலில் விட்டால் தையல் உளுத்துவிடும்.

கையால் தைத்த பந்து பஞ்சரானால் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் ஊரில் வலை பின்னும் ஒரு பெரியவர் அதைச் சரிசெய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வால்வுக்கு அருகே இருக்கும் தையலில் ஏழெட்டை பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக அறுத்தார். அந்தத் தோலை நாக்கு மாதிரி தூக்கி, பிளாடரை மெதுவாக வெளியே இழுத்து, லேசாகக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் பேனாவால் வட்டம். துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சைக்கிள் பஞ்சர் ஒட்டு ஒன்று. திரும்ப உள்ளே செலுத்தி வால்வை ஓட்டைக்கு நேராக ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, வலைக்குப் போடும் நைலான் நூலால் பழைய துளைகளிலேயே தைத்து இழுத்தார். இருபத்தைந்து நிமிடம். "வலையைவிட இது லேசு, தம்பி" என்றார். அந்தப் பந்து இன்னும் ஓடுகிறது. இப்போது இரண்டு பசங்களுக்கு அந்த வேலை தெரியும். ஒட்டு முறையில் செய்த பந்துகளுக்கு இது நடக்காது, அதனால் வாங்கும்போதே தைத்த பந்தாகக் கேளுங்கள். முள் அதிகம் இருக்கும் திடல் என்றால் கெட்டியான ரப்பர்ப் பந்து.

வளைகுடா நாட்டில் இருக்கும் அண்ணன்மார் "ஊருக்கு ஜெர்சி எடுத்துத் தர்றேன்" என்பார்கள். ஜெர்சி வேண்டாம் அண்ணே, நான்காம் எண் பந்து ஆறு, பம்பு ஒன்று, ஊசி பத்து, முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் கட்டும் ஷின் கார்டு என்று கேளுங்கள். ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், அதெல்லாம் பசங்களுக்காக வந்ததுதான்.

வீட்டுப் பயம்

"கை கால் ஒடஞ்சா யாருப்பா பாக்குறது, இவங்க அப்பா கடல்ல இருக்காரு" என்று ஒரு அம்மா கேட்டார். இதற்கு "ஒன்றும் ஆகாது" என்று பதில் சொல்லாதீர்கள். ஆகும். ஆனால் என்ன செய்வோம் என்று சொல்லுங்கள்.

அமெரிக்காவில் பசங்கள் ஆட்டத்தை விட்டுப் போவதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பயம்தான் முதலில் வருகிறது. அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டு மோதும் வேறு ஆட்டம். 2008-09 கல்வி ஆண்டில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பதினொருவர் ஆட்டமாக அதை ஆடினார்கள், 2021-22-ல் அது 9 லட்சத்து 74 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கும் என்ற அச்சம் பெற்றோரிடம் பரவியது ஒரு பெரிய காரணம். இதற்கிடையே பயிற்சியில் மோதலைக் குறைத்தார்கள், மோதல் இல்லாமல் கொடியைப் பறித்து ஆடும் வகை வளர்ந்தது, 2022-23-ல் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. நம் ஆட்டத்திலும் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-ல் 10 வயதுக்குட்பட்டவர்கள் தலையால் பந்தை அடிக்கக்கூடாது என்று விதி போட்டது. நாங்கள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி எடுத்துக்கொண்டோம், எங்கள் திடலில் 12 வயது வரை ஹெட்டிங் (தலையால் அடிப்பது) கிடையாது. அம்மாமாரிடம் இதைச் சொன்னதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

தலையில் அடிபட்டால், மயக்கம் வந்ததோ இல்லையோ, அன்றைக்கு அவன் திரும்ப இறங்கக்கூடாது. "நல்லாருக்கேன்ண்ணே" என்பான், நம்பாதீர்கள். வாந்தி, தலைவலி, தடுமாற்றம், அதிகத் தூக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. 108 எண்ணும், திடலுக்கு வரும் வழியும் எல்லாப் பெரிய பசங்களுக்கும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வெயில் இதைவிட அடிக்கடி வரும் ஆபத்து. சித்திரை, வைகாசியில் ஐந்தரைக்கு முன் தொடங்காதீர்கள், அல்லது காலை ஆறு முதல் ஏழரை. ஒவ்வொரு எட்டு நிமிட ஆட்டத்துக்கும் பிறகு தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டமாகத் தட்டிப் போட்டது; பதினைந்து பேருக்கு ஒரு குடம் கலக்கினால் போதும். எங்கள் பக்கம் குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்குவது, அதனால் இந்தக் குடத்துக்கு யார் வீடு என்று வார முறை வைத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடம்

பி.டி. சாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. நீங்கள் சாயங்காலம் ஆள் தயார் செய்கிறீர்கள் என்று தெரிந்தால் அவருக்குத்தான் முதல் சந்தோஷம். குறுவட்டப் போட்டி, அப்புறம் மாவட்டம், மாநிலம் என்று குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் போகும். முதலமைச்சர் கோப்பைக்குத் தனியாகப் பதிவு. 1960-லிருந்து நடக்கும் சுப்ரதோ கோப்பை பள்ளிகளுக்கானது. தேதி எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும், ஜூனிலேயே போய்க் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் காகிதம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து. அந்தோணி, அந்தோனி என்ற ஒரு எழுத்து வித்தியாசத்தில் எங்கள் பையன் ஒருவன் மாவட்ட ஆட்டத்தின் காலையில் வாசலில் நின்றான். லீவு நாளில் உட்கார்ந்து எல்லோர் சான்றிதழையும் ஒப்பிட்டுப் பாருங்கள், திருத்த வேண்டியதை ஆறு மாதம் முன்பே திருத்துங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புதான் அணி உடையும் இடம். ஜூனில் நிறுத்தினால் மார்ச் முடிந்தும் திரும்புவதில்லை. வீட்டில் போய் "வாரத்துக்கு மூணு நாள், முக்கால் மணி நேரம், ஆறு மணிக்கு நானே அனுப்பிடுறேன்" என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். டியூஷன் டீச்சரிடம் பேசி ஆறரைக்கு மாற்றச் சொன்னோம், பசங்கள் குளித்துவிட்டு வந்தால் சரி என்றார்.

ஆடி என்ன பலன் என்று கேட்கும் அப்பாவிடம் இருப்பதைச் சொல்லலாம்: விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் ஆள் எடுக்கிறார்கள், பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன் தேசிய அளவுப் போட்டியான டூரண்ட் கோப்பையின் 2022 இறுதியாட்டத்தில் பெங்களூரு அணிக்கு முதல் கோல் அடித்தார். ஆனால் உங்கள் பையனும் அப்படி ஆவான் என்று எந்த வீட்டிலும் வாக்குக் கொடுக்காதீர்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் நல்லபடியாக ஆடுகிறான், நல்ல பசங்களோடு இருக்கிறான், ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். அது நிச்சயமாகச் சொல்ல முடிந்த விஷயம்.

பெண் பிள்ளைகள்

இதில் நாங்கள் ரொம்ப தாமதம். இரண்டு வருடம் "யாரும் வர்றதில்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வேலியோரம் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வாம்மா என்றால், "அஞ்சு மணிக்குத்தான் குழாய்ல தண்ணி வரும் மாமா" என்றது. அவ்வளவுதான் விஷயம். நாங்கள் வைத்த ஐந்து மணி அவர்களுக்குத் தண்ணீர் நேரம். சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு மாற்றினோம், முதல் வாரமே ஒன்பது பேர் வந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: நேரத்தை அவர்களிடம் கேட்டு வையுங்கள். ஊரில் மதிப்புள்ள ஒரு அக்கா கூடவே இருக்கட்டும், கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார், அவர் சத்தம் போட்டால் திடலே அடங்கும். பக்கத்தில் உடை மாற்ற, கழிப்பறைக்குப் போக ஒரு வீடு பேசி வையுங்கள். முழு பேன்ட், முழுக்கை, தலைத்துணி, எது போட்டு வந்தாலும் ஆடலாம். கூட்டமாக வந்து கூட்டமாகவே திரும்பட்டும். படகோரம் உட்கார்ந்து கமென்ட் அடிக்கும் பசங்களை முதல் நாளே எழுப்பி அனுப்புங்கள், இதில் தயவு வேண்டாம். கடலூரிலிருந்து வந்த இந்துமதி இந்திய அணிக்கு ஆடினார், 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியக் கோப்பை எடுத்தது. இதை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை, வீடியோவை எடுத்துக் காட்டிய பிறகு மூன்று முறை பார்த்தார்கள்.

டோர்னமென்ட்

ரொக்கப் பரிசு வைத்தால் வெளி ஆள் வருவான், உள்ளூர்ப் பையன் உட்காருவான். எங்கள் விதி இரண்டுதான்: உள்ளூர் ஆட்கள் மட்டும், பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் பாதி நேரமாவது ஆட வேண்டும். பரிசு பந்தும் ஷின் கார்டும். கோப்பைக்குச் செலவழிக்கும் காசை நடுவர் சாப்பாட்டுக்கும் ஐஸ் பெட்டிக்கும் வையுங்கள்.

இதற்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பெரும்பாலான நாள் பள்ளிக்கும் லீவு, அப்பாமார் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் காசு இல்லாத மாதம், ஆனால் ஊரில் எல்லோரும் இருக்கும் மாதம். தெருவுக்கு ஒரு அணி, ஏழு பேர் ஆட்டம், ஒரு அணியில் கட்டாயம் 14 வயதுக்குக் கீழே இரண்டு பேர், ஒரு அப்பா. அந்த ஒரு அப்பா விதியைப் பசங்கள்தான் போட்டார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள், அப்புறம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு காலத்தில் அதே திடலில் ஆடியவர்கள்தானே, கால் மறக்கவில்லை. நான் முதலில் சொன்ன அந்த பேக், இப்போது பத்தொன்பது வயது, வடக்குத் தெருவுக்காக ஆடினான். நான் கூப்பிடவில்லை. அவன் தெருப் பசங்கள் கூப்பிட்டு வந்தான்.

கடைசி ஆட்டத்தை ஜூன் 12, 13 வாக்கில் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் ஆள் நிற்காது. டீசல், ஐஸ், மளிகை என்று படகை ஏற்றும் வேலை வந்துவிடும். போன வருடம் தடை முடிந்து முதல் டோக்கன் போட்டு லாஞ்சு எல்லாம் போன அன்றைக்குச் சாயங்காலம், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பந்தை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து மணிக்கு ஒன்பது பேர் நின்றார்கள், எல்லாம் சின்னப் பசங்கள், மூன்று பேர் அதற்கு முன்னால் வராதவர்கள். நான்குக்கு நான்கு பிரித்தோம். மீதி ஒருவனிடம் விசிலைக் கொடுத்தேன், எட்டு நிமிடத்தில் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி.